கூட வந்தவர்

செவ்வந்தியின் பச்சைச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு ஆபரேஷன் தியேட்டர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் தேவேந்திரன். நேற்றுப் பசியாவரம் தீவில் படகேறுமுன் வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தது.

பக்கத்தில் இருந்தவள் அனுப்பம்பட்டு காந்தா. அவள் மகளை உள்ளே கொண்டுபோய் ஒரு மணி நேரமாகிறது.

"சம்சாரத்துக்கா தம்பி?"

இங்கே வந்ததிலிருந்து எல்லாரும் கேட்பது அதைத்தான். அவன் சேலையை இன்னொரு மடிப்பு மடித்தான்.

"மார்புல நீல மை ஊசி போடறாங்களாமே, இன்னாத்துக்கு? எம் பொண்ணு நீலமா ஆயிடுவாளா?"

"அந்த எடம் மட்டும் கொஞ்ச நாளைக்கு நீலமா இருக்கும்க்கா. ஒண்ணுக்குகூட பச்சையா போவும். பயந்துடாதீங்க." டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்தான். "அக்குள்ல சின்னச் சின்ன முடிச்சுங்க இருக்கு. மை ஓடிப்போயி மொதல்ல எதுல சேருதோ, அத மட்டும் எடுத்துப் பாப்பாங்க. அதுல கேன்சர் இல்லன்னா மத்தத தொடமாட்டாங்க."

"இருந்தா?"

"எல்லாத்தையும் எடுத்துடுவாங்க. கை வீங்கிக்கிச்சின்னா அப்புறம் வலை இழுக்க முடியாது."

காந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்களுக்கு ஏதுப்பா வலை? நாத்து நடற கை எங்களுது. உம் பொண்டாட்டி ஏரில கையால எறா தடவிப் புடிப்பாளா?"

"அவள மாதிரி யாரும் தடவ முடியாது."

அவள் பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றி நீட்டினாள்.

"வேணாம்க்கா."

"உதடு காஞ்சி கெடக்கு. ராத்திரிகூட ஒண்ணும் துன்னல போல. நீ வுழுந்துட்டா அவள யாரு பாத்துக்கறது?"

அவன் டீயிலிருந்து எழும் ஆவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "அடுத்த பேஷன்ட் வாங்க. உடுப்பு, சாமான் எல்லாத்தையும் கூட வந்தவங்ககிட்ட குடுத்துட்டு வரணும்."

காந்தா நடையின் இரண்டு பக்கமும் தேடினாள். "கூப்புடறாங்களே தம்பி, உம் பொண்டாட்டி எங்க?"

தேவேந்திரன் எழுந்தான். சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். சட்டையைச் சேலையோடு சேர்த்துச் சுருட்டி அவள் கையில் வைத்தான்.

"அவ செத்து ரெண்டு வருசம் ஆச்சுக்கா. ஊசி எனக்குத்தான்."