காத்திருக்காத ப்ரோகிராம்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ப்ரோகிராமை ஷீபா தன் கையாலேயே நிறுத்தினாள்.

ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகுக்காரர்கள் வைத்திருந்த அந்தச் சின்ன அறையில் அப்போது அவளும் சங்கச் செயலாளர் ரெங்கசாமியும் மட்டும்தான் இருந்தார்கள். அவர் ஐஸ் இன்னும் வந்து சேரவில்லை என்று யாரிடமோ போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ப்ரோகிராமை எழுதியதற்காகத்தான் போன மாதம் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

கடலுக்குப் போன படகுகள் எங்கே நிற்கின்றன என்று கரையில் இருப்பவர்கள் போனில் பார்க்கலாம். ஒவ்வொரு படகிலும் ஒரு கருவி, கரையில் ஒரு கம்ப்யூட்டர். யாரோ ஒரு புண்ணியவான் எந்தக் காலத்திலோ பெர்ல் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பழைய ப்ரோகிராம், படகுகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு எங்கே இருக்கிறாய் என்று கேட்கும். கேட்ட படகு பதில் சொல்லும்வரை அடுத்த படகின் பக்கம் தலையைத் திருப்பாது.

ஒரு படகு வாயை மூடிக்கொண்டால் போதும், ஊரார் போன்களில் எல்லாப் படகும் கல்லாய்ச் சமைந்துவிடும். உடனே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் ஷீபாவைப் பிடித்துக்கொள்வார்கள். யார் வீட்டுப் படகு என்று விசாரித்து, பக்கத்தில் இருக்கும் படகை வயர்லெஸில் கூப்பிட்டு அனுப்பி, அது போய் எட்டிப் பார்த்துச் சேதி சொல்கிறவரைக்கும் அவளை ஒரு வாய் சோறு தின்ன விடமாட்டார்கள்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றுதான் மாற்றி எழுதினாள். படகோடு பேசும் இணைப்பைச் சாக்கெட் என்பார்கள்; ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் காத்திருக்காதே என்று ஒரு வரி. பெர்லில் காத்திருப்புக்குப் பூஜ்ஜியம் போட்டால் முடிந்தது. புதிய ப்ரோகிராம் எல்லாப் படகையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, எது வாய் திறக்கிறதோ அது சொல்வதை வாங்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும். பேசாத படகுக்காக யாரும் நிற்க வேண்டியதில்லை.

பேசாத படகு சிவப்பாகத் தெரியும்படி முதலில் வைத்திருந்தாள். ரெங்கசாமிக்கு அது பிடிக்கவில்லை.

"செவப்பப் பாத்தாலே, இலங்கை நேவிக்காரன் புடிச்சிட்டுப் போயிட்டானோன்னு பொம்பளைங்க அழ ஆரம்பிச்சிருதுங்க. எடுத்துரும்மா."

எடுத்துவிட்டாள். அதன்பிறகு திரையில் பேசுகிற படகுகள் மட்டும் ஊர்ந்தன. பார்க்கவே அழகாக இருந்தது. மீன் வியாபாரிகள் மெச்சினார்கள். ஷீபாவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டாள்.

இன்றைக்கும் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, சும்மா திரையைப் பார்த்தாள். அவள் புருஷன் ஜஸ்டின் ஓட்டிப்போன படகு அதில் இல்லை.

காலையிலேயே பேச்சு நின்றிருக்கிறது. அவள் எழுதிய ப்ரோகிராம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதை ஓசைப்படாமல் எடுத்துப் போட்டுவிட்டு, மற்ற படகுகளோடு தன் பாட்டுக்குப் போயிருக்கிறது. ஊரில் யாருக்கும் தெரியவில்லை, அவளுக்கே தெரியவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். அவளுக்கு அதற்குப் பொன்னாடை வேறு கிடைத்திருந்தது.

வயர்லெஸில் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. வலை போட்டு நிற்கிற படகைத் தேடிப் போகச் சொல்ல ரெங்கசாமியால்தான் முடியும் என்று அவரிடம் சொன்னாள். அவர் தன் போனை எடுத்துப் பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தானம்மா ஓடுது. மிஷின் கோளாறா இருக்கும். பொழுது சாயட்டும், பாப்போம்."

நாகராசு எப்போதும் ஜஸ்டினுக்குப் பக்கத்தில்தான் வலை போடுவான். அவன் மனைவி செவந்தியை ஷீபா போனில் கூப்பிட்டுச் சொன்னாள். வந்துருவாருடி, பயப்படாதே என்றாள் செவந்தி. நல்ல மனசோடுதான் சொன்னாள். அவள் போனில் நாகராசுவின் படகு பத்திரமாகப் போய்க்கொண்டிருந்தது.

ஷீபாவுக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று பார்த்தால், அதுவும் தன்மேல்தான் வந்தது.

அப்போதுதான் புதியதை நிறுத்தினாள். தூக்கிப்போட மனமில்லாமல் வைத்திருந்த பழையதை ஓடவிட்டாள். அது தன் வழக்கப்படி படகுகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டே போய், ஜஸ்டின் படகுக்கு வந்ததும் நின்றது. அதற்குமேல் நகரவில்லை.

ஊரார் போன்களில் எல்லாப் படகும் நின்றன.

முதலில் செவந்திதான் கூப்பிட்டாள். "எங்க போட் ஏன்டி நகரல?" அவள் குரலில் இப்போது நல்ல மனசையெல்லாம் காணவில்லை. அவளுக்குப் பதில் சொல்வதற்குள் வேறு யார் யாரோ கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். ரெங்கசாமி ஐஸ்காரரிடம் பேச்சை முறித்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"என்னம்மா பண்ணித் தொலச்ச? எப்பச் சரியாகும்?"

"ஜஸ்டின் போட் பேசுனாச் சரியாயிரும்ண்ணே."

அவள் பொய் சொல்லவில்லை. அந்த ப்ரோகிராம் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது.

ரெங்கசாமி அவளைப் பார்த்தார், வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். எங்க வீட்டுக்காரரப் போயிப் பாக்கச் சொல்லுங்கண்ணே என்று செவந்தி கூட்டத்துக்குள்ளிருந்து கத்தினாள். அவர் போய் வயர்லெஸ் மைக்கை எடுத்தார்.

முதலில் நாகராசுவின் குரல் வந்தது. வலையை ஏற்றிவிட்டு ஜஸ்டின் போன பக்கம் திரும்புகிறேன் என்றான். அவனுக்குப் பின்னால் இன்னொரு படகு, அதற்குப் பின்னால் இன்னொன்று என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

திரையில் ஒரு படகும் அசையவில்லை.