ஸ்டெல்லினி வம்சம்

என் கணவர் எல்வியோ இன்றும் சவரம் செய்துகொண்டிருந்தார். இருபது வருடக் குடித்தனத்தில் அவர் தினமும் சவரம் செய்து நான் பார்த்தது இந்த ஒரு வாரமாகத்தான்.

காரணம், சமையலறையில் என் பக்கத்தில் நின்று, மாவு வட்டத்தில் கறியை வைத்துக் கப்பெலெத்தி மடித்துக்கொண்டிருந்தாள்.

அர்ஜென்டினாவிலிருந்து வந்தவள். பெயர் மிர்த்தா ஸ்டெல்லினி. என் கணவரும் ஸ்டெல்லினி. கொள்ளுத்தாத்தா பிறந்த இடத்தையும், அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதையும் தேடிக்கொண்டு வந்தவள், எங்கள் இரும்புச் சாமான் கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்திருக்கிறாள்.

அன்றைக்கே இவர் கடையைச் சாத்திவிட்டார். மாமனார் செத்த அன்றுகூட மத்தியானம் வரைக்கும் திறந்திருந்த கடை.

அதிலிருந்து தினமும் இருவரும் காரில் கிளம்பிவிடுவார்கள். ஒரு நாள் மலைமேல் இருக்கும் தேவாலயம். ஒரு நாள் கல்லறைத் தோட்டம். ஒரு நாள் யாரோ கிழட்டுப் பாதிரியார். சாயங்காலம் திரும்பும்போது இரண்டு முகமும் வெயிலில் சிவந்திருக்கும். என்ன கிடைத்தது என்று கேட்டால், வேர் ரொம்ப ஆழமாகப் போகிறது, நாளைக்கும் தோண்ட வேண்டும் என்பார்.

எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்? அவளுக்குச் சிரிப்பு நன்றாக இருந்தது. இடுப்பும் நன்றாகத்தான் இருந்தது. போன கிறிஸ்துமஸுக்கு நான் இவருக்கு வாங்கிக் கொடுத்து, பெட்டியை விட்டு வெளியே வராத நீல ஸ்வெட்டர் இப்போது தினமும் ஊர்வலம் போனது. உங்கள் வீட்டுக்காரருக்குக் குடும்பப் பாசம் இப்போதுதான் பொங்குகிறதா என்று காபிக் கடைக்காரி எல்லார் முன்னாலும் கேட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்து கேட்டேவிட்டேன். மனிதர் நொந்துபோனார்.

"அசிங்கமா பேசாத. ஒரே பேரு, ஒரே ரத்தம். அவ எனக்குத் தங்கச்சி முறை."

எனக்கே வெட்கமாகிவிட்டது. நட்சத்திரம் பார்த்துக் கப்பல் ஓட்டிய ஒரு மாலுமியின் வம்சம் நாங்கள், அதனால்தான் நட்சத்திரத்தை வைத்து இந்தப் பெயர் என்று கல்யாணத்தன்றே மாமனார் மேசையைத் தட்டிச் சொல்லியிருந்தார். அந்த மாலுமியின் பிள்ளைகளில் ஒருவன் இங்கே தங்கியிருப்பான், ஒருவன் கடல் தாண்டியிருப்பான். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அதற்குப் பிறகு அவள் முகத்தில் நானும் எங்கள் வீட்டு ஜாடையைத் தேடினேன். தேடினால் கிடைக்காதா? என் நாத்தனாரின் மூக்கு கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் வாரத்தின் மிச்சத்தை ஓட்டினேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. விருந்து முடிந்ததும் அவள் ஊருக்குக் கிளம்புகிறாள். அடுப்பில் கோழிச் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. போகிறவள்மேல் என்ன கோபம் என்று மனம் இளகி, உன் மூக்கு அப்படியே என் நாத்தனார் மூக்கு என்று சொன்னேன். அவளிடம் நான் பிரியமாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

மிர்த்தா விழுந்து விழுந்து சிரித்தாள். அதெப்படி ஒத்துப்போகும் என்றாள். தபால் ஆபீஸ் சுவரில் ஒரு நட்சத்திரம் செதுக்கியிருக்கிறதே, பார்த்ததில்லையா என்று கேட்டாள்.

தினமும் அதன் கீழேதான் காய்கறிப் பையோடு நடக்கிறேன்.

அந்தக் கட்டடம் முன்பு கன்னியாஸ்திரிகள் நடத்திய அநாதைக் குழந்தைகள் இல்லமாம். நட்சத்திரத்துக்குக் கீழே, சுவரில் ஒரு சுழலும் மரப்பெட்டி இருந்ததாம். வளர்க்க வழியில்லாதவர்கள் பிள்ளையை அதில் கிடத்தி, மணியை அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். உள்ளே இருப்பவர்கள் பெட்டியைச் சுழற்றி எடுத்துக்கொள்வார்கள். சுவரில் நட்சத்திரம் இருந்ததால், வந்து விழுந்த பிள்ளைக்கெல்லாம் ஸ்டெல்லினி என்ற ஒரே பெயர். இவளுடைய கொள்ளுத்தாத்தா ஒரு பெட்டிப் பிள்ளை. எல்வியோவின் கொள்ளுத்தாத்தா வேறொரு பெட்டிப் பிள்ளை. யார் யார் பெற்றதோ.

மாலுமியும் இல்லை, கப்பலும் இல்லை.

"எல்வியோ உங்ககிட்ட சொன்னதே இல்லையா? நான் வந்த அன்னைக்கே அந்தச் சுவர்கிட்ட கூட்டிட்டுப் போய்க் காட்டி, நமக்குள்ள ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னு சொல்லிட்டாரே."

வந்த அன்றைக்கே.

என்னிடம் இத்தனை வருடமாக மறைத்ததை அவளிடம் ஒரே நாளில் சொல்லியிருக்கிறார். பெட்டிப் பிள்ளையின் வம்சம் என்று தெரிந்தால் நான் என்ன, விட்டுவிட்டா போயிருப்பேன்? அந்தச் சுவரை அவர் எனக்கல்லவா முதலில் காட்டியிருக்க வேண்டும். இந்த எரிச்சலுக்கு முன்னால் சிரிப்பும் இடுப்பும் ஒன்றுமே இல்லை.

மற்றது பிறகுதான் உறைத்தது.

"அப்ப தேட வேண்டியது அன்னைக்கே முடிஞ்சுபோச்சே, மிர்த்தா. மீதி நாளெல்லாம் ரெண்டு பேரும் எங்க போனீங்க?"

மிர்த்தாவின் சிரிப்பு நின்றது. குனிந்து, மடித்து முடித்திருந்த கப்பெலெத்தி ஒன்றை எடுத்துப் பிரித்து, மறுபடி மடிக்கத் தொடங்கினாள்.