கையெழுத்துக்கு விட்ட இடம்

“வைக்கமாட்டன், பாஸ்டர்.”

உதயரூபன் பேனையை மேசையில் வைத்தான். குரலில் கோபம் இல்லை. அதுதான் றுமைஸாவைப் பயமுறுத்தியது. ஏசுகிற ஆளிடம் அழலாம், கெஞ்சலாம். இப்படிச் சுவர் மாதிரி இருக்கிறவனிடம் என்ன செய்வது?

மூன்று மாதங்களுக்கு முன், விடியற்காலை நேரம், செங்கலடிக்குக் கிட்ட அந்த விபத்து நடந்தது. ஒரு பக்கம் அவள் கணவன் ரிஸ்கானின் நெல் லொறி. மறுபக்கம் இவனுடைய மோட்டார் சைக்கிள். பின்னால் இருந்த இவன் மனைவி ஜெனிற்றா அந்த இடத்திலேயே முடிந்துபோனாள். இவனுக்குக் கால் உடைந்தது. லொறி தங்கள் பக்கம் ஏறி வந்து அடித்ததாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி பொலிசுக்குச் சொன்னான். அன்றிலிருந்து ரிஸ்கான் மறியலில், சிறைக்குள்.

நாளைக்கு வழக்கு. ரிஸ்கான் குற்றத்தை ஒத்துக்கொண்டு, மனைவியைப் பறிகொடுத்தவனே மன்னித்ததாக ஒரு கடிதமும் கொடுத்தால் நீதவான் இரங்குவார் என்று லோயர் சொல்லியிருந்தார். அந்தக் கடிதத்துக்காகத்தான் றுமைஸா தன் அண்ணன் ஹில்மிக் காக்காவோடு ஏறாவூரிலிருந்து பஸ் மாறிச் செட்டிபாளையத்தில் இவன் வீட்டுக்கு வந்திருந்தாள்.

பாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தானே தட்டச்சுச் செய்து கொண்டுவந்த கடிதத்தை இன்னொரு தடவை வாசித்தார்.

“‘உதயரூபன் ஆகிய நான், ஜெனிற்றாவின் மரணத்துக்குக் காரணமான ரிஸ்கானை, கடவுளின் பெயரால் முழுமனதோடு மன்னிக்கிறேன்.’ ஒரு வரி. கீழ ஒரு கையெழுத்து. இதில என்ன தம்பி கஷ்டம்?”

“அந்த ஒரு வரிதான்.”

“ஊரே பாத்துக்கொண்டிருக்கு. போன ஞாயிறு சபையில நான் சொல்லியும் போட்டன். கிறிஸ்தவன் எண்டால் இப்பிடித்தான் எண்டு மத்தச் சனம் விளங்க வேணும். நீங்க ஒரு முன்மாதிரி.”

“சபைக்குச் சொல்ல முதல் என்னட்டக் கேட்டிருக்கலாம்.”

வாசலில் நின்ற ஹில்மிக்குப் பொறுக்கவில்லை. “மன்னிக்கிற வேதம் எண்டு செல்லித்தானே எங்கள வரச் செல்லின? இப்ப என்ன, பேனைல மை இல்லையோ, மனசில இல்லையோ?”

“காக்கா, கொஞ்சம் சும்மா இரிங்க.”

றுமைஸா கதவின் பின்பக்கத்தைப் பார்த்தாள். ஆணியில் ஒரு பெண்ணின் கைப்பை தொங்கியது. வார் அறுந்திருந்தது. யாரும் எடுத்து வைக்கவும் இல்லை, தூசு தட்டவும் இல்லை. ஆனாலும் சொல்ல வந்ததைச் சொன்னாள்.

“தம்பி, உங்கட இழப்புக்கு நான் என்னத்தச் செல்ல? எனக்கு ரெண்டு பொம்புளப் புள்ளையள். வாப்பா கொழும்புக்கு லோட் ஏத்திப் போயிரிக்கார் எண்டு சின்னவளுக்குச் செல்லி வெச்சிரிக்கன். மூணு மாசமா அந்த லொறி கொழும்புக்குப் போய்ச் சேருதில்ல.”

உதயரூபன் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தான்.

“அவர் என்ன சொல்றார், அக்கா?”

இந்தக் கேள்விக்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். ‘செய்ததுக்கு அழுகிறார்’ என்று சொல்லச் சொல்லித்தான் ஹில்மி வழியெல்லாம் படிப்பித்திருந்தான். பொய் வாயில் வரவில்லை.

“பிடிவாதம் தம்பி. லொறிய ஓரம் கட்டி நிப்பாட்டிப் போட்டுத் தேத்தண்ணி குடிச்சிக்கொண்டு இருந்த எண்டுதான் இன்னமும் செல்றார். ஒத்துக்கொள்ளுங்க எண்டு லோயரும் ஏசுறார், நானும் ஏசுற. ஆரு நம்புவா? கட்டின நானே நம்பல்ல. அத மனசில வைக்காதீங்க.”

“நீங்களும் நம்பல்லையா?”

“இல்ல, தம்பி.”

அவன் கடிதத்தை மேசையின் மறுகரைக்குத் தள்ளினான். “அப்ப வைக்கவே மாட்டன்.”

“பாத்தியா புள்ள?” ஹில்மி செருப்பை மாட்டினான். “செய்தவன் அழல்லயாம், அதான் கோவம். எழும்பு. நாளைக்குக் கோட்டில அல்லாஹ் பாத்துக்கொள்ளுவான்.”

பாஸ்டரின் முகம் சிவந்தது. “உதயன்! ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொன்னவர்ர பிள்ளையள் நாம. இந்த ஆக்களுக்கு முன்னால நம்மளத் தலைகுனிய வைக்காதீங்க. ஜெனிற்றா இருந்தா இப்ப என்ன செய்திருப்பா? சொல்லுங்க!”

உதயரூபன் நெடுநேரம் அந்தக் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, உடைந்த காலை மெல்ல மடக்கி, நாற்காலியை முன்னுக்கு இழுத்தான். பேனையை எடுத்தான்.

“யா அல்லாஹ்,” றுமைஸா வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். பாஸ்டர் பெருமூச்சு விட்டார்.

பேனை கையெழுத்துக்கு விட்ட இடத்துக்குப் போகவில்லை. மேல் வரியில் நின்றது. ஒரு பெயரை வெட்டியது. இன்னொரு பெயரையும் வெட்டியது. மேலே ஏதோ எழுதியது.

“ஐயோ, என்ன செய்யிறீங்க? நாளைக்குக் கோட்டுக்குக் குடுக்கிற கடிதம்!” பாஸ்டர் பதறினார்.

அவன் தாளை றுமைஸாவின் பக்கம் திருப்பி வைத்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்தாள்.

‘ரிஸ்கான் ஆகிய நான், ஜெனிற்றாவின் மரணத்துக்குக் காரணமான உதயரூபனை, கடவுளின் பெயரால் முழுமனதோடு மன்னிக்கிறேன்.’

“உங்கட லொறி நிண்ட இடத்திலதான் நிண்டது, அக்கா. ஃபோனப் பாத்துக்கொண்டு போய் அதில அடிச்சது நான். பொலிசுக்குச் சொன்னது பொய் எண்டு நாளைக்குக் கோட்டில சொல்லப் போறன்,” என்றான் உதயரூபன். “மறுகா, அவர் வெளியில வந்த பிறகு, மனசிருந்தா இதில கையெழுத்து வைக்கச் சொல்லுங்க.”