அப்பா ஒட்டிய கார்

ஸ்டிக்கர் கிழிந்தேவிட்டது. கார்க் கதவில் ஒட்ட வேண்டிய ஏழாம் எண், பாதி என் நகத்தில், பாதி தண்ணீர்க் கிண்ணத்தில்.

"அக்கா, எழுந்திரு! அப்பா செய்யற பொம்மைப் பந்தயக் காரைக் கெடுத்துட்டேன்."

"அறிவுகெட்டவனே! லீவு போட்டுட்டு ஒவ்வொரு துண்டா அவர் ஒட்டறாரு. அதை ஏன்டா தொட்ட?"

"தினமும் ராத்திரி தொடறேன்க்கா."

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "என்னடா உளர்ற?"

"அவர் ஒட்டினது எல்லாம் கோணல். பார்த்தா அவர் முகம் செத்துப்போயிடுது. அதான் அவர் தூங்கினதும் பிரிச்சு நேரா ஒட்டி வெச்சிடுவேன்."

கதவு திறந்தது. அப்பா!

"ரெண்டு பிசாசும் தூங்கலையா?" என்றபடி காரை எடுத்தார். கிழிந்த பக்கம் அவர் உள்ளங்கைக்குள் மறைந்தது. "பாருங்கடா, ஒரு இடத்துல பிசிறு இருக்கா? இதை ஒழுங்கா முடிச்சாத்தான் திரும்ப வேலைன்னு எனக்கு நானே பரீட்சை வெச்சேன். பாஸ்! ஆஸ்பத்திரிக்கும் சொல்லிட்டேன். காலையில முதல் ஆபரேஷன் என்னோடதுதான்."

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அப்பா கண் டாக்டர்.

"யாருக்குப்பா?" என்றாள்.

"ஒரு சின்னப் பொண்ணு. நம்ம வாண்டு வயசுதான் இருக்கும்."

அவர் கையில் காரின் குட்டிச் சக்கரங்கள் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தன. அவர் அதைக் கவனிக்கவில்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்துக்கொண்டே படுக்கப் போனார்.

இப்போது அவரை எழுப்பி நான் என்னவென்று சொல்வது?