பச்சைக் கட்டம்

கேமரா பழுதுபார்க்கும் எபனேசரிடம், போன மாதம் இறந்துபோன தன் கணவரின் மிர்ரர்லெஸ் கேமராவைக் கொண்டுவந்தாள் திலகவதி. தன்னை எடுத்தால் மட்டும் படம் மங்கிவிடுவதாகச் சொன்னாள். அவளைச் சுவரோரம் நிற்கவைத்துப் பார்த்தான். ஆளின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் பச்சைக் கட்டம் அவள் முகத்தை விட்டுவிட்டு, தோளுக்குப் பின்னால் வெறும் இடத்தில் போய் நின்றது. லென்ஸை மாற்றினான். கடையிலிருந்த வேறொரு கேமராவிலும் பார்த்தான். கட்டம் அங்கேயே நின்றது.

"உங்களுக்குப் பின்னாடி இன்னொரு கண்ணு இருக்குன்னு காட்டுதுக்கா," என்றான்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "மூடின கண்ணையும் பிடிக்குமா தம்பி?"

"இல்லக்கா. தொறந்திருந்தாத்தான்."

"நான்தான தம்பி, அவரு கண்ண என் கையால மூடினேன்," என்றாள்.