மங்கலாத் தெரிஞ்சா போதும்

"பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு. ரெண்டும் ஒரே கம்பெனிதான். கண்ணுல வெச்சுப் பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க, நயினார்" என்றான் குப்புராஜ்.

அவனுடைய போட்டோ ஸ்டூடியோவின் மொட்டைமாடியில், கைப்பிடிச் சுவர்மேல் விரித்த துண்டில் இரண்டு ஜூம் லென்ஸ்கள் கிடந்தன. மெட்ராஸிலிருந்து காலை பஸ்ஸில் வந்தவை.

தரணேந்திரன் குனிந்து எடுக்கவில்லை. அறுபத்து நான்கு வயதில் அவர் எதற்கும் குனிந்ததாக ஆரணியில் யாரும் பார்த்ததில்லை. குப்புராஜே பழையதை எடுத்து அவருடைய காமிராவில் மாட்டிக் கொடுத்தான்.

"இதுல ரெண்டு வளையம். ஒண்ணு கிட்ட இழுக்க, ஒண்ணு தெளிவாக்க. புதுசுல ரெண்டுக்கும் ஒரே வளையம். கண்ணாடிப் பூச்சும் வேற, வெயில் உள்ள பூராது."

மலைக்கோயில் பாறையில் இருக்கும் தீர்த்தங்கரர்களை அடிவாரத்திலிருந்தே படமெடுக்க வேண்டும். லென்ஸ் அதற்குத்தான். கோயில் கமிட்டியிலும் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

காமிராவைத் தூக்கி வடக்கே திரும்பினார்.

"மலை அந்தாண்ட கீது, நயினார்."

"வெளிச்சம் இந்தப் பக்கந்தான் நல்லா இருக்கு."

வடக்கே என்ன இருக்கிறது என்று குப்புராஜுக்கும் தெரியும்.

வடக்கே, ஒரு தெரு தள்ளி, நெசவுக்காரர் வீடுகளின் பின்கட்டுகள். நான்காவது வீடு மைக்கேல்ராஜுடையது. ஏழு வருஷத்துக்கு முன்னால் தரணேந்திரனின் ஒரே மகள் ஜெயவதி அவனைக் கட்டிக்கொண்டு போன வீடு.

வேற்று மதம் என்பதை ஒருவேளை பொறுத்திருப்பார். அவன் பட்டு நெய்கிறவன். புழுவைக் கூட்டோடு வெந்நீரில் போட்டு எடுக்கிற நூல். ஊரே பட்டில் பிழைக்கும் ஆரணியில், மூன்று தலைமுறையாக மணவறையில்கூடப் பட்டு உடுத்தாத சமணக் குடும்பம் அவருடையது.

"உயிரைக் கொன்ன நூல்ல சோறு தின்னப் போனவ நம்ம தர்மத்தையும் தலைமுழுகிட்டா. இனிமே அவ முகத்துல முழிக்கமாட்டேன்." கோயிலில், எல்லோர் எதிரிலும் சொன்னார்.

சொன்னதைக் காப்பாற்றினார். மனைவி அனந்தம்மாள் சாகக் கிடந்தபோதுகூட மகளுக்கு ஆள் அனுப்பவில்லை.

"ஜெயா நம்ம ஆசாரத்த விட்டிருக்கமாட்டா. ஒரு தடவ போய்ப் பாருங்களேன்" என்று அனந்தம்மாள் இரண்டு நாள் கேட்டாள். மூன்றாம் நாள் கேட்கவில்லை.

கண்ணாடி வழியாகப் பார்ப்பது முகத்தில் விழிப்பதாகாது. அதற்கும் தீர்ப்பு அவரே சொல்லிக்கொண்டு, கண்ணை வைத்தார்.

கிணற்றடி கிட்ட வந்தது. சாயங்கால வெயில் லென்ஸுக்குள் புகுந்து எல்லாவற்றின்மேலும் பாலாடை போலப் படர்ந்திருந்தது. ஓரங்கள் கரைந்திருந்தன. நடுவில் ஒரு பெண். முகம் தெரியவில்லை. ஆனால் அந்த நிமிர்ந்த நிற்பு அவர் வீட்டு நிற்பு.

கையில் வெள்ளையாக ஒரு துணி.

முக்காடு. மாதா கோயிலுக்குப் போட்டுக்கொள்வது. துவைக்க எடுத்து வந்திருக்கிறாள்.

அவருக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாக உட்கார்ந்தது. அன்று சொன்னது சரிதான்.

"இப்ப புதுசப் பாருங்க" என்று குப்புராஜ் மாற்றிக் கொடுத்தான்.

வளையத்தை இழுத்தார். பாலாடை விலகியது. கிணற்றுச் சுவரின் விரிசல் தெரிந்தது. ஜெயவதியின் காதோரம் நரைத்த நாலைந்து முடி தெரிந்தது. முப்பத்தொரு வயதுதான் அவளுக்கு.

துணியும் தெரிந்தது.

அது குடத்தின் வாயில் இருந்தது. நான்காக மடித்து, நடுவில் குழிவிட்டு, வாளித் தண்ணீரை அதன்மேல் மெல்ல ஊற்றிக்கொண்டிருந்தாள். குடம் நிறைந்ததும் துணியை மறுபக்கம் திருப்பினாள். வடித்த நீரிலேயே ஒரு கை எடுத்து ஊற்றி, துணியை வாளிக்கு மேல் பிடித்து அலசினாள். பிறகு வாளியைக் கயிற்றில் விட்டுக் கிணற்றுக்குள் இறக்கினாள். மேலே நின்று கொட்டவில்லை. கொட்டினால் துணியில் ஒதுங்கிய உயிர்களுக்கு அடிபடும். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். வாளி தண்ணீரைத் தொடும்வரை கயிற்றைப் பொறுமையாக விட்டுக்கொண்டே இருந்தாள்.

தரணேந்திரன் வீட்டில் இப்படித் துணி கட்டி வடிப்பது நின்று நாலு வருஷம் ஆகிறது. முனிசிபாலிட்டிக் குழாய் வந்தபோது, "துணி கட்டணுமா மாமா?" என்று மகனின் மனைவி கேட்டாள். குழாய்த் தண்ணீர் சுத்தந்தான் என்று சொன்னவர் அவர்.

காமிரா கண்ணிலேயே இருந்தது. கை மட்டும் சுவரைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"கத்தி மாதிரி கீது, இல்லீங்களா? புதுசே எடுத்துக்குங்க."

"பழசு போதும்."

"ஐயே, அது மங்கலா காட்டுதே நயினார்! இதுல அந்த வீட்டுக் கொடியில கீற கிளிப்ப எண்ணலாம். அத்த வெச்சுக்கினு மலைச் சாமிய எப்படி…"

"மங்கலாத் தெரிஞ்சா போதும்டா." குரல் உயர்ந்துவிட்டது. தோளில் இருந்த துண்டைச் சரிசெய்துகொண்டார். "மாட்டு."

குப்புராஜ் மாட்டினான்.

தரணேந்திரன் மறுபடி வடக்கே பார்த்தார். பாலாடை திரும்ப வந்து எல்லாவற்றையும் மூடியது. விரிசல் போயிற்று. நரை போயிற்று. வெள்ளையாக ஏதோ ஒன்று கொடியில் ஆடிக்கொண்டிருந்தது.

முதல் வளையத்தைத் திருப்பினார். பிறகு இரண்டாவதை. பிறகு மறுபடி முதலாவதை.

எப்படித் திருப்பியும் அது முக்காடாகவில்லை.