வாத்துகள் கற்றுக்கொண்ட ஆங்கிலம்

முட்டை திருடும் உடும்பை என்ன செய்வதென்று குளத்து வாத்துகள் கூட்டம் போட்டன.

"யாராவது ஒருத்தர் அதன் பொந்துக்கே போய் நியாயம் கேட்கணும்," என்றது பெரிய வாத்து. எல்லா வாத்துகளும் சிறகடித்து ஆமோதித்தன. பிறகு எல்லாம் சேர்ந்து நொண்டி வாத்தைப் பார்த்தன.

"அது நடக்காத காரியம்ணே. என்னையே தின்னுடும்," என்றது நொண்டி வாத்து.

"கோழை," என்று முணுமுணுத்தன மற்றவை.

மேலே மரத்தில், ஏதோ ஒரு ஆபீஸ் கூண்டிலிருந்து தப்பி வந்த கிளி உட்கார்ந்திருந்தது. அது தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாட் ஃபீசிபிள்," என்றது.

கூட்டம் சட்டென்று அடங்கியது. "அப்படின்னா?"

"நடக்காத காரியம்னு அர்த்தம். எங்க ஆபீசர் இதைச் சொன்னா, உடனே ஃபைலை மூடிடுவாங்க."

வாத்துகள் மரியாதையோடு தலையாட்டின. யோசனை கைவிடப்பட்டது. 'அதைத்தானே நானும் சொன்னேன்' என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டது நொண்டி வாத்து. போன உயிர் அதற்கு அப்போதுதான் திரும்பி வந்திருந்தது.

மறுநாள் நொண்டி வாத்தே ஒரு வழி சொன்னது. "முறை வைத்துக் காவல் இருப்போம். உடும்பு தலை காட்டினதும் எல்லாரும் கத்தினா, தோட்டத்து நாய் ஓடி வந்துடும்."

"நல்ல யோசனைதான். முதல் முறை யாருக்கு?" என்று கேட்டது பெரிய வாத்து.

"பெரியவர் நீங்கதாண்ணே தொடங்கி வைக்கணும்."

பெரிய வாத்து மரத்துக் கிளியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தது. பிறகு, "நாட் ஃபீசிபிள்," என்றது.

"நாட் ஃபீசிபிள்," என்று மற்ற வாத்துகளும் சொல்லிவிட்டு, பாரம் குறைந்தாற்போல் குளத்தில் இறங்கி நீந்தின.

புதருக்குள் மூச்சைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்த உடும்பும் அப்பாடா என்று கால் நீட்டிப் படுத்தது.